திரும்பி வந்து சொன்னவர்

அவர் என்னிடம் முதன்முதலில் கேட்டது, "உங்களால நடக்க முடியுமா?" என்பதுதான்.

கொடைக்கானல் கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. கடைக்கு மேலே ஓர் அறை. சீசனுக்கு வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுவோம். அவர் வந்தது சீசன் முடிந்து காற்று ஆரம்பித்த பிறகு. ஊரே போர்த்திக்கொண்டு கதவடைத்து உட்கார்ந்திருக்கிற நேரத்தில், ஒரு பெண் தனியாக, தோல் பெட்டியும் கம்பளியுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து மாடி அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டார். நாற்பது வயதை ஒட்டியிருக்கும். கண்ணாடி, காதோரம் நரை, பருத்திப் புடவைக்கு மேலே ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர். சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துவதாகவும், இந்தப் பக்கத்துக் கூலிக் குடும்பங்களில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்திருப்பதாகவும் சொன்னார்.

"அது என்ன படிப்பும்மா?" என்று அத்தா கேட்டார்.

"சமூகவியல்னு சொல்லுவாங்க, பாய். குடும்பங்களைப் பத்திப் படிக்கிறது."

"குடும்பத்தப் பத்தி என்னத்தப் படிக்கிறது? கெடந்து அனுபவிக்க வேண்டியதுதானே?"

அவர் சிரிக்கவில்லை. அது சிரிக்கச் சொன்ன பேச்சு என்றே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. "அனுபவிக்கிறவங்க கிட்டத்தான் கேக்க வந்திருக்கேன்" என்றார்.

மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குத் துணையாக வர ஒரு பெண் வேண்டும் என்றபோது அத்தா என்னைக் காட்டினார். எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். கணவர் மௌத்தான பின் பிறந்த வீட்டுக்கு வந்து, கடைக்குப் பின்கட்டில் மல்லியும் மிளகாயும் புடைத்துக்கொண்டிருந்தேன். கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ் மிளகாய் புடைக்க உதவவில்லை. ராவுத்தர் மகளை இப்படிக் காடுமேடெல்லாம் அனுப்புகிறாரே என்று கடைத்தெருவில் பேசினார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் முறத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அத்தாவுக்கு மனசு ஓய்ந்துபோயிருந்தது என்பதுதான் விஷயம்.

"நடப்பேன்" என்றேன்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தான் விசாரிக்கிற ஆட்களின் பெயரையோ ஊரையோ வெளியே சொல்லக் கூடாது என்பது அவருடைய தொழிலில் ஒரு விதி. அது அவருக்கும் பொருந்தட்டும். அதே காரணத்துக்காக, நாங்கள் போன குடியிருப்பின் பெயரையும் சொல்ல மாட்டேன். பேத்துப்பாறைக்குப் போகிற பாதையிலிருந்து பிரிந்து கீழே இறங்கினால் வரும் என்பது போதும். அங்கே எனக்கு நெருக்கமான ஒருத்தியைச் செல்லாயி என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் பெயர் அதில்லை.

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தினக்கூலிதான். பெண்கள் உருளைக்கிழங்குக் காட்டில் களை எடுப்பார்கள், பூண்டு நடுவார்கள். ஆண்கள் வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கப் போவார்கள். வெள்ளனே போனால் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். அதுவரைக்கும் கைக்குழந்தைகள் யார் இடுப்பில் இருக்கின்றன, என்ன சாப்பிடுகின்றன, அழுதால் யார் வருகிறார்கள் என்பதுதான் அவர் கேட்டுக்கொண்டு திரிந்தது. பெரும்பாலும் பதில் ஒன்றுதான். மூத்த பெண்பிள்ளை. பிள்ளையைச் சுமக்கிற பிள்ளை.

அவருக்கு முன்னால் அந்த மலைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். மிஷன் நர்சம்மா வந்து தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பார். சுகாதார ஆபீசிலிருந்து வருகிறவர் குப்பையைத் தள்ளிப் போடு என்பார். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் கேட்பதோடு சரி. கேட்டுவிட்டு, பதில் வந்ததும் "அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' ஒன்றை வைத்தே ஒரு பெண்ணை அவள் கல்யாணம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

உடம்பு ஒத்துழைக்காத மனுஷி. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பாதையில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் உட்கார்ந்துவிடுவார். ஷூவைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொள்வார். மதியம் லுஹர் நேரத்தில் நான் ஒரு பாறை மேல் துணியை விரித்துத் தொழுதால், அந்த நேரம் முழுக்க மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

"ஜைனம்பு, நீங்க தொழுவுறதுதான் எனக்கு ரெஸ்ட்" என்பார். "இன்னும் ரெண்டு வேளை கூட வெச்சிருக்கக் கூடாதா உங்க மார்க்கத்துல?"

ஒரு காற்றுக்காலம் முழுக்க அப்படி அலைந்துவிட்டுச் சென்னைக்குப் போனார். அவ்வளவுதான், இனி வர மாட்டார் என்று நானும் மறுபடி முறத்தை எடுத்தேன். அடுத்த வருஷம் பஸ்ஸை விட்டு இறங்கினார். அதே பெட்டி, அதே ஸ்வெட்டர்.

"எழுதி முடிச்சுட்டேன். போய் அவங்க கிட்ட வாசிச்சுக் காட்டணும்" என்றார்.

"யாருகிட்ட?"

"யாரைப் பத்தி எழுதினேனோ அவங்க கிட்ட."

எனக்கு விளங்கவில்லை. "மேடம், புத்தகத்தைச் சென்னையில படிக்கப் போறாங்க. அதுகளுக்கு எதுக்கு?"

அவர் சொன்ன பதிலை அதற்குப் பிறகு பல தடவை, பல பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆபீசர்களிடம், அத்தாவிடம், ஒரு தடவை பஸ் கண்டக்டரிடம்கூட. "ஒருத்தர் வீட்டுல கேட்டதை எடுத்துக்கிட்டு அப்படியே போயிட்டா, அது திருட்டு."

அந்த மனுஷியை எனக்கு ஞாபகம் இருக்கிற விதமே இதுதான். போவார். திரும்பி வருவார். வந்து சொல்வார். சொல்லுவது நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி, சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றாலும் சரி.

முதல் தடவை வாசித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள் என்று ஆண், பெண் எல்லோரும் பள்ளிக்கூடத்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரே வாத்தியார். தான் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவரே தமிழாக்கிச் சொல்ல, கூட்டம் கேட்டது. பெயர் போடவில்லை என்றால் யாருக்கும் தெரியாது என்று சென்னையில் உட்கார்ந்து நினைத்திருக்கிறார். அந்த ஊரில் ஒரு வரி முடிவதற்குள் எல்லார் தலையும் ஒரே வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

ஓர் இடத்தில், நான்கு வயது ஆண் குழந்தை ஒன்று, தாயும் தகப்பனும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் காய்ச்சல் கண்டு இறந்தது என்று வந்தது. தலைகள் செல்லாயி பக்கம் திரும்பின. அவள் எழுந்து நின்றாள்.

"அவன் பேரு போடலையா?"

"யார் பேரும் போடலைங்க. போடக் கூடாது. வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தான் சங்கடம். ஒரு பாதுகாப்புக்குத்தான்…"

"செத்தவனுக்கு என்னம்மா பாதுகாப்பு?"

செல்லாயி மகனுடைய பெயரைச் சொன்னாள். அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, "இது அச்சுல வராதுங்க. எழுதிக்கிட்டது எனக்காக" என்றார். வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே வராது. எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

அதே வாசிப்பில் இன்னொன்றும் நடந்தது. மதுவிலக்கு இருந்த காலம். காட்டில் காய்ச்சிக் குடிப்பார்கள். கூலி வாங்கிய கையோடு ஆண்கள் அங்கே போய்விடுவதால் வீட்டுக்கு அரிசி வருவதில்லை என்று பெண்கள் சொன்னதையும் எழுதியிருந்தார். அதையும் வாசித்தார். மறுநாள் நாங்கள் போனபோது செல்லாயியின் இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது.

அவர் அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். கையைத் தொட்டார்.

"விடுங்கம்மா" என்றாள் செல்லாயி. "உங்க புஸ்தகத்தாலயா அடிச்சாரு? இது இல்லாட்டி கொழம்புல உப்பு கூடுச்சுன்னு அடிப்பாரு."

"மத்த அடிக்கெல்லாம் நான் பொறுப்பில்ல. இதுக்கு நான்தான் பொறுப்பு."

அவள் புருஷன் வருகிறவரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அந்த ஆள் பட்டைக் கத்தியோடு வந்து வாசலில் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நான் ஊரைக் கூட்டி வெச்சு வாசிச்சது தப்பு" என்றார் அவர். "அதைச் சொல்லத்தான் இருந்தேன்."

அவன் தரையைப் பார்த்தான். "அதாங்க. நீங்க எழுதுனது பொய்யின்னு நான் சொல்லல. நாலு பேரு முன்னாடி…"

"ஆமா. அது என் தப்பு. இவங்களை அடிச்சது உங்க தப்பு. ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்காதீங்க."

அவன் கத்தியைக் கூரையில் செருகிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் திருந்தினான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் திருந்தினார். கூட்டம் போட்டு வாசிப்பதை நிறுத்தினார். வீடு வீடாகப் போய், ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தந்தப் பெண்ணுக்கு அவளைப் பற்றிய இடத்தை மட்டும் வாசித்தார். நடை இரட்டிப்பானது. எனக்கும்தான்.

அப்படியே சில வருஷங்கள் ஓடின. காற்றுக்காலம் வந்தால் அவரும் வருவார். அந்தக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வயது ஏறியது. சிலது போய்ச் சேர்ந்தது. புதிதாகச் சிலது வந்தது. அவருக்கும் நரை காதைத் தாண்டி மேலே ஏறியது. "எதுக்கு மேடம் இப்படி ஒடம்பைக் கெடுத்துக்கிறீங்க?" என்று நான் கேட்டால், "வேற சோலி தெரியாதே ஜைனம்பு" என்பார். எங்கள் பேச்சு அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சென்னையில் அவர் கூட வேலை செய்கிறவர்கள் பெரிய பதவிக்கெல்லாம் போய்விட்டார்கள் என்றும், இவர் மட்டும் ஒரே மலையில் ஒரே குடும்பங்களைச் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேலி செய்கிறார்கள் என்றும் ஒரு தடவை சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

ஒரு வருஷம் அவர் நேரம் தப்பி வந்தார். ஐப்பசி அடைமழை. வத்தலக்குண்டுப் பாதையில் மண் சரிந்து பஸ் பாதியில் நின்று, நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. அத்தா சுக்குக் காப்பி போடச் சொன்னார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

கீழே அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடத்தை மூடி இரண்டு மாதம் போல ஆகியிருந்தது. வாத்தியாரை மேலே பெரிய ஊருக்கு மாற்றிவிட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் அங்கே ஏறிப் போக வேண்டும் என்று உத்தரவு. ஏன் மூடினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆபீசில் மூடினார்கள், அவ்வளவுதான்.

"நான் எழுதினதுதான்" என்றார் அவர்.

மூத்த பெண்பிள்ளைகள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டோடு இருப்பதால் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் பிள்ளைகளே இல்லை என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தால் பெரிய பிள்ளைகள் படிக்க வருவார்கள் என்று அதற்கு அடுத்தாற்போலவே எழுதியிருந்தார். ஆபீசில் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் ஏதோ கூட்டத்தில் ஓர் அதிகாரி இவரைத் தேடி வந்து கும்பிட்டிருக்கிறார். "உங்க ரிப்போர்ட் ரொம்ப உபயோகமா இருந்துச்சும்மா. பிள்ளைங்க வராத பள்ளிக்கூடத்தையெல்லாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று அந்த அதிகாரி வரைபடத்தில் பார்த்துச் சொன்னார். நடுவில் ஒரு மலை நிற்பது வரைபடத்தில் தெரியாது.

"நாளைக்குக் கீழ போகணும். அவங்க கிட்டச் சொல்லணும்" என்றார்.

அத்தா தராசை வைத்துவிட்டு வந்தார். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. அந்தச் சனம் ஆபீசுக்காரன் மூடிட்டான்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கு. நீங்களாப் போயி, நான்தான் காரணம்னு எதுக்குச் சொல்லணும்? கல்லெடுத்து எறிஞ்சா என்ன செய்வீங்க?"

"எறிஞ்சா எறியட்டும், பாய்."

"சொல்லி என்ன ஆவப் போவுது?"

"ஒண்ணும் ஆகாது" என்றார். அப்போதுதான் காப்பியைக் குடித்தார்.

மறுநாள் பாதை முழுக்க வழுக்கல். அவர் இரண்டு இடத்தில் விழுந்தார். புடவை முழங்கால் வரை சேறு. பூட்டிய பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் பெண்கள் ஒண்டி நின்றார்கள். மழைக்கு வேலை இல்லாத நாள். எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் இந்தத் தடவை சொன்னார். இது எல்லாருடைய விஷயமும்தான் என்றார். எழுதியிருந்ததை அப்படியே தமிழில் சொன்னார். ஆபீசில் அதை என்ன செய்தார்கள் என்று சொன்னார். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயத்தைக் கத்திச் சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை.

யாரும் கல் எடுக்கவில்லை. செல்லாயிதான் முன்னால் வந்தாள்.

"ஒன்கிட்ட நாங்க ஒண்ணையும் ஒளிக்கல" என்றாள். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "அடுப்பு எரியாததச் சொன்னோம். புருசன் அடிச்சதச் சொன்னோம். புள்ள செத்ததச் சொன்னோம். நீ கேட்ட, சொன்னோம். சொன்னதுதான் தப்பா?"

"நீங்க சொன்னது தப்பில்ல. யார் கையில கொடுக்கிறோம்னு தெரியாம நான் கொடுத்தது தப்பு."

"எம் மக ரெண்டாங் கிளாசு. அவ எழுத்தக் கூட்டி வாசிக்கா. இனி என்ன செய்யச் சொல்லுத?"

"திரும்பத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு ஆபீசாப் போவேன். திறப்பாங்கன்னு சொல்ல முடியாது."

செல்லாயி மழையில் இறங்கி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அவர் சொன்னபடி அலைந்தார். கொடைக்கானலில் ஓர் ஆபீஸ், மதுரையில் ஒன்று, சென்னையில் பல. மதுரைக்கு நானும் கூடப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தே பொழுது போகும். ஆபீசர் வெளியூர் காம்ப்பில் இருப்பார். இல்லையென்றால் சாப்பிடப் போயிருப்பார். உள்ளே விட்டால், "உங்க புத்தகத்துல இருக்கிறதைத்தானேம்மா செஞ்சிருக்கோம்?" என்பார்கள். இவர் அடுத்த பத்தியைக் காட்டுவார். "அதுக்கு வேற டிபார்ட்மெண்ட்" என்பார்கள். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார்.

ஒவ்வொரு அலைச்சலுக்குப் பிறகும் மலைக்கு வருவார். கீழே இறங்குவார். செல்லாயி வீட்டு வாசலில், சாத்திய கதவுக்கு முன்னால் உட்காருவார். உட்கார்ந்து கதவிடம் சொல்வார்.

"செல்லாயி, இந்தத் தடவை மதுரைக்குப் போனேன். ஆபீசரைப் பாக்க முடியல. மனுவை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. படிச்சிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

உள்ளே பாத்திரம் உருளும். உலக்கைச் சத்தம் கேட்கும். பேச்சு வராது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்திருப்பார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் சிரிக்கவில்லை. ஒரு தடவை மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "மேக்க கருத்துட்டு வருது. வெரசா மேலேறிப் போயிச் சேருங்க." அன்றைக்கு மலை ஏறும்போது அவர் எங்கேயும் உட்காரவில்லை.

இதற்கிடையில் செல்லாயியின் மகள் மேலே வந்துவிட்டாள். தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச நாள் ஏறிப் பார்த்தாள். மழையில் முடியவில்லை. ஏரிப் பக்கத்துப் பங்களா ஒன்றில் குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தகப்பன் கொண்டுபோய் விட்டுவிட்டான். ஒரு சாயங்காலம் நானும் அவரும் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தபோது அவளே எங்களைக் கண்டு ஓடிவந்தாள். கையில் இருந்த தள்ளுவண்டியையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அதில் யாருடையதோ ஒரு குழந்தை, கொழுகொழுவென்று தூங்கியது.

அடுத்த நாள் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னது இது.

"செல்லாயி, உங்க பொண்ணைப் பாத்தேன். நல்லா இருக்கான்னு சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. பாத்ததைச் சொல்றேன். உடம்பு இளைக்கல. கால்ல செருப்பு இருக்கு. பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கா, அவளுக்குப் பெருசு. அழலை. உங்களைக் கேட்டா."

உலக்கை நின்றது.

கதவு திறந்தது. செல்லாயியின் இடுப்பில் புதிதாக ஒரு கைக்குழந்தை. எனக்கே அப்போதுதான் அது தெரியும்.

"என்னன்னு கேட்டா?"

"'எங்கம்மா எப்படி இருக்கு?'ன்னு கேட்டா. கதவு சாத்தியிருக்கு, எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

செல்லாயியின் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். "மொதல்ல இருந்து."

அவர் மறுபடி சொன்னார். செருப்பு, ஸ்வெட்டர், அழாதது எல்லாவற்றையும் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். ஊருக்குள் எத்தனை பேர் அவளிடம் 'ஒம் மக ராணியாட்டம் இருக்கா' என்று சொல்லியிருப்பார்கள். அவள் யாரையும் நம்பியிருக்க மாட்டாள். இவரை நம்பினாள். மகன் பெயர் அச்சில் வரும் என்று பொய் சொல்லாதவர் என்பதனால்தான் நம்பினாள் என்று எனக்குத் தோன்றியது. ஆரம்பத்தில் அவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குத்தான் விட்டது.

பள்ளிக்கூடத்தைக் கடைசியில் திறந்தார்கள். யாருக்கும் மனம் மாறிவிடவில்லை. புதிதாக வந்த அதிகாரிக்கு இந்த அம்மாளைத் தினமும் பெஞ்சில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். கைக்குழந்தைகளுக்குக் கொட்டகை கிடையாது. அது வேறு டிபார்ட்மெண்ட். செல்லாயியின் மகளைத் திருப்பிக் கூட்டி வருவதற்கும் நேரம் தப்பிவிட்டது. அவளுக்கு வயது ஏறிவிட்டது. பங்களாக்காரர்கள் கோயம்புத்தூருக்கு மாறியபோது கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாதிதான் கிடைத்தது. அதையும் அவர் ஒவ்வொரு வீடாகப் போய், "பாதிதான் கிடைச்சிருக்கு" என்றே சொன்னார்.

அந்தத் திறப்பு நாளுக்குப் பிறகு அவர் மலைக்கு வரவில்லை. இருதயம் சரியில்லை, மேடேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். சில வருஷம் கழித்து, சீசனுக்கு வந்த ஒரு சென்னைக்காரர் கடையில் சாமான் வாங்கும்போது பேச்சுவாக்கில் அவர் இறந்துபோனதைச் சொன்னார். அத்தா தராசைக் கீழே வைத்துவிட்டு எனக்காக உள்ளே வந்தார்.

அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது அந்தத் திறப்பு நாள்தான்.

நல்ல வெயில் அடித்த காலை நேரம். வாழைமரம் கட்டி, காகிதத் தோரணம் ஒட்டியிருந்தோம். மேலே ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்காராமல், கூட்டத்துக்குப் பின்னால் பெண்களோடு தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கம் நான். அந்தப் பக்கம் செல்லாயி, மடியில் குழந்தையோடு.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். கல்வியின் அருமை, பெண்களின் கடமை. வெகு நேரம் போயிற்று. கடைசியில் பெரிய அதிகாரி எழுந்து, இந்த அம்மையாரின் அரிய ஆராய்ச்சியைக் கண்டே அரசாங்கம் இந்த நல்ல காரியத்தைச் செய்தது என்று சொல்லி, அவரை இரண்டு வார்த்தை பேச அழைத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். செல்லாயியின் தோளில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுக்கி வந்திருந்தது. பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கைதட்டத் தொடங்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள். மார்பில் டவாலிப் பட்டை போட்ட பியூன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"ஏம்மா, எழுப்பி விடு. அய்யா கூப்பிடுறாருல்ல?"

செல்லாயி கையை மட்டும் உயர்த்தி அவனைத் தடுத்தாள். தோள் அசையவில்லை.

"எழுப்பாதீங்க."

"பெரிய அய்யா கூப்பிடுறாரும்மா. பேசச் சொல்லி…"

"நீங்கள்லாம் ஜீப்புல வந்தீங்க, நீங்களே பேசுங்க. இவுக நடந்து வந்தவுக."

பியூன் அதிகாரிகள் பக்கம் பார்த்தான். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு தேசிய கீதம் பாடச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றோம். செல்லாயி எழவில்லை. மடியில் ஒன்று, தோளில் ஒன்று என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்து, நாற்காலிகளைத் தூக்கி, ஜீப்புக்காரர்கள் மேடேறிப் போனதும், களைவெட்டுக்குப் போகிற பெண்கள் நேரமாகிவிட்டது என்று அவளைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க முன்னால போங்க" என்றாள்.

வெயில் நகர்ந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது. செல்லாயி தன் முந்தானையைப் பல்லால் இழுத்து, காலியாக இருந்த கையால் விரித்து, அவருக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.